ஆண்டனி வீட்டில் பதினொரு கம்ப்யூட்டர்

யார் என்ன சொன்னாலும் சரி, ஆண்டனி சோம்பேறி இல்லை. சோம்பேறியாய் இருந்திருந்தால் சவரியம்மாவுக்கு அந்த நிம்மதியாவது மிஞ்சியிருக்கும். சோம்பேறிப் புருஷன் ஒரு பாய் அகலத்துக்குமேல் இடம் கேட்கமாட்டான். ஆண்டனியோ வீட்டில் இருந்த ஒரே அறையையும் எடுத்துக்கொண்டான். தனக்காக இல்லை, அவன் சேர்த்து வைத்திருந்த பதினொரு பழைய கம்ப்யூட்டருக்காக.

பட்டினப்பாக்கத்தில் அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் ஹவுசிங் போர்டு வீடு, இரண்டாவது மாடி. முன்னால் ஒரு கூடம், ஓரமாய் அடுப்பு, பின்னால் அந்த அறை. கட்டில்மேல் நாலு, கட்டிலுக்கடியில் மூணு, மீதி சுவரோரமாய் ஒன்றன்மேல் ஒன்று. சேர்க்க ஆரம்பித்து ஏழு வருஷம். ஒன்றுகூட ஒழுங்காய் ஓடியதில்லை.

அவன் அப்பா காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். மகனைப் பதினாலு வயசில் படகில் ஏற்றினார். மூன்று தடவை போனான், மூன்று தடவையும் குடல் வெளியே வந்துவிடுகிற மாதிரி வாந்தி. "ஒன்னக் கடலுக்குப் புடிக்கல, வுடு" என்று சொல்லிக் கரையில் இறக்கிவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எட்டாவது வரை படித்திருந்ததால் தி.நகரில், பாண்டிபஜார் பக்கம், ஓர் ஆடிட்டர் ஆபீசில் ப்யூன் வேலை கிடைத்தது.

எண்பத்தைந்தில் அந்த ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று தனி அறை, ஏ.சி., வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தினம் காலையில் தூசி தட்டுவது ஆண்டனி வேலை. "மேலோட்டமாத் தட்டு. ஒரு பட்டனைத் தொடப்படாது, கேட்டியோ?" என்று ஆடிட்டர் சொல்லிவைத்திருந்தார். ஆறு வருஷம் தொடாமல் தட்டினான். பசிக்கிறவனுக்குப் பந்தியில் பரிமாறுகிற வேலை கொடுத்த மாதிரி.

தொண்ணூற்றொன்றில் புதுசு வந்ததும் பழையதை மாடிப்படித் திருப்பத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். சாரல் அடிக்கிற இடம். ஆண்டனியால் பொறுக்க முடியவில்லை. கேட்டான், எடுத்துக்கொண்டு போ என்றுவிட்டார்கள். பக்கத்துத் தெரு வேலுவின் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் பலகையைக் கழுவி, சாக்கு விரித்து, அதன்மேல் உட்காரவைத்துக் கொண்டுவந்தான். இரண்டு நாள் முன்புவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிஷின்.

வந்ததும் முதல் வேலையாய் அதைப் பிரித்தான். உள்ளே முழங்கை நீளத்துக்குக் கார்டுகள். ஒவ்வொரு கார்டின் அடியிலும் தங்க நிறத்தில் வரிசையாய்ப் பல். அந்தப் பல் கீழே இருக்கிற பள்ளத்தில் கடித்துக்கொண்டால்தான் கரண்ட் ஓடும். கடற்காற்று இரும்பு ஜன்னலையே தின்கிறது, இந்தப் பல்லை விட்டுவைக்குமா? அப்பா போனபோது ஆண்டனி பங்குக்கு வந்தது ஒரு கிரீஸ் டப்பா. படகு கரைக்கு வந்தால் அப்பா சோற்றில் கைவைக்குமுன் எஞ்சினில் ஓர் ஆணி, ஒரு மரை விடாமல் கிரீஸ் தடவுவார். மகனும் தடவினான். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி, ஒவ்வொரு பல்லாக. பிறகு மூடி, பிளக்கைச் சொருகினான். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

"ஒன் வண்டி குலுக்குன குலுக்குல பூட்ச்சுடா" என்று வேலுவைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாத்தே, இதே வண்டில முட்ட ஏத்திக்கினு போறேன். ஒண்ணு ஒடஞ்சதில்ல. ஒன் பொட்டி இன்னா முட்டயவிட மெல்லிசா?"

அங்கே பிடித்த பைத்தியம்தான். லஸ் பக்கம் ஒரு கம்பெனி கொல்லைப்புறத்தில் ஒன்று, அடையாற்றில் மூடிப்போன டுடோரியலில் இரண்டு என்று எங்கே தூக்கிப்போட்டாலும் ஆண்டனி போய் நின்றான். எதுவும் எதைப்போலவும் இல்லை. ஒன்றில் எழுத்து பச்சையாய் வரும், ஒன்றில் ஆரஞ்சாய். ஒன்றுக்குத் திரையே கிடையாது, டிவியில் சொருகவேண்டும். ஒன்றின் கீபோர்டு அம்மிக்கல் கனம். எல்லாவற்றையும் வயசு வரிசையாய் நிறுத்தி, மூத்ததிலிருந்து கடைசிவரை ஒரே நாளில் ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். அவன் ஆசை அவ்வளவுதான். அது பெரிய ஆசையா, சொல்லுங்கள்?

ஆனால் இதில் திரை வந்தால் அதில் விசிறி நின்றது. அதன் கார்டை இதில் போட்டால் இரண்டுமே வாயை மூடிக்கொண்டன. ஒரு தடவை ஒன்று பால் பொங்குகிற நேரம் ஓடிவிட்டு அணைந்தது. அந்தச் சந்தோஷத்தில் எல்லாக் கார்டையும் கழற்றி, பழைய கிரீஸின்மேலேயே புதுக் கிரீஸ் தடவி வைத்தான். அதற்குப்பிறகு அது கண் திறக்கவேயில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஹபீபுர் ரஹ்மானின் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைக்குப் போய், இந்த நம்பர் சில்லு கொடு, அந்த நம்பர் சில்லு கொடு என்று கேட்டு வாங்கி வருவான். நோயாளியைக் காட்டாமல் மருந்துக்கடையில் மாத்திரை கேட்கிறவன் மாதிரி. பாய்க்கு வஞ்சிரம் என்றால் உயிர். சவரியம்மா விற்கிற மீன்கூடையில் இரண்டு துண்டு குறைந்தால் ஆண்டனி ரிச்சி ஸ்ட்ரீட் போயிருக்கிறான் என்று அர்த்தம்.

தொண்ணூற்றெட்டில், மகள் ஜெனிதாவுக்கு ஒன்பதாம் மாசம். ஆதம்பாக்கத்தில் வாக்கப்பட்டவள், தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வரவேண்டும். திங்கட்கிழமை மீன் விற்றுவிட்டு வந்த சவரியம்மா கூடையைக் கீழே வைக்காமலே ஆரம்பித்தாள்.

"யோவ், ஞாயித்துக்கெயம ஜெனிதா வருது. எங்க படுக்கும்? ஒன் பொணத்துங்க மேலயா?"

"பொணம்னு சொல்லாதம்மே. ரிப்பேருல கீது."

"ஏயு வருசமா ரிப்பேரு! பெரியாஸ்பத்திரியில கூட இத்தினி நாளு வச்சிக்கினு இருக்கமாட்டான்யா, எட்னு போன்னுடுவான்."

"இந்த வாட்டி கண்டுபுடிச்சிடுவேன்."

சவரியம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். கத்தியைத் தீட்டிவிட்டு மீனைப் பார்க்கிற பார்வை. "சரி. ஒண்ணே ஒண்ணு ஓட்டிக் காட்டு. பதினொண்ணும் அங்கியே கெடக்கட்டும், நான் வாயத் தொறக்கல. ஓடல, ஞாயித்துக்கெயம பூச முடிஞ்சு வேலு வண்டி வரும். அத்தினியும் காயலாங்கடைக்கு."

"ஒண்ணு ஓடினா பதினொண்ணும் இருக்கலாமா?"

"மாதா மேல சத்தியம்."

ஆடிட்டர் ஆபீஸ் மிஷினைத்தான் எடுத்தான், முதல் பிள்ளை. ஆபீஸ் விட்டு வந்ததும் அறைக்குள் போனால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவான். கரண்ட் பெட்டியை மாற்றினான். விசிறி சுற்றியது, வேறொன்றுமில்லை. திரைக் கார்டை மாற்றினான். ஒரு நீளச் சத்தம், இரண்டு குட்டைச் சத்தம். மிஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் பார்த்தான். கார்டு சரியில்லை என்று போட்டிருந்தது. வேறு கார்டு போட்டான், அதே சத்தம். இன்னொன்று, அதே சத்தம். வியாழக்கிழமை அந்தச் சத்தம் தன்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது அவனுக்கு. கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வீசினான். அது ஜன்னல் வழியாய்ப் போய், கீழ்வீட்டுத் தாயம்மா காயவைத்திருந்த நெத்திலிமேல் விழுந்தது.

"எந்தப் பேமானிடா அது? தலைல வியுந்திருந்தா எவன் வந்து பதில் சொல்றது?"

ஆண்டனி இறங்கிப்போய், திட்டு வாங்கிக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்தான். திட்டுகூட அவனுக்கு உறைக்கவில்லை. நல்ல மிஷின், கெட்டுப்போக ஒரு காரணமும் இல்லாத மிஷின், ஏன் ஓடமாட்டேன் என்கிறது? அதுதான் அறுத்தது.

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். முதல் தடவையாய்க் கார்டையே பேப்பரில் சுற்றி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு எடுத்துப்போனான்.

"பாய், இத்த ஒன் மிஷின்ல போட்டுப் பாரு. செத்துதா, உசுரோட கீதா, அத்த மட்டும் சொல்லு."

ஹபீபுர் ரஹ்மான் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கி, பேப்பரைப் பிரித்தார். விரலெல்லாம் கறுப்பு. "இன்னாபா இது, கார்டுல போண்டா சுட்டியா?"

"கிரீஸு பாய். உப்புக் காத்துக்கு."

"பல்லு மேலயா?"

"பல்லுக்குத்தான் பாய். பதினொரு மிஷினுக்கும். கயட்டும்போதெல்லாம் புதுசாப் போடுவேன்."

பாய் சிரிப்பார் என்று பார்த்தால் சிரிக்கவில்லை. துணியில் ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தார். பிள்ளைகள் பென்சில் அழிக்கிற ரப்பரால் பல்லைத் தேய்த்தார். கறுப்புக் கறுப்பாய் உதிர்ந்தது. தன் மிஷினில் கார்டைச் சொருகி, சுவிட்சைப் போட்டார். திரையில் எழுத்து வந்து நின்றது.

ஆண்டனி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கோபமாய்ச் சொன்னான்: "எங்க நைனா முப்பது வருசம் எஞ்சினுக்குப் போட்டாரு. ஒரு நாளு நின்னதில்ல."

"எஞ்சினுக்குப் போடு, யாரு வாணான்னது? இது பல்லும் பள்ளமும் தொட்டாத்தான் கரண்டு போவும். நடுவுல நீ சேறு பூசி வச்சிக்கீற. அதுல கடக்கர மண்ணு வேற ஒட்டிக்கினு சிமிட்டி மாதிரி ஆயிட்ச்சு." பாய் குரலைத் தாழ்த்தினார். "ஏம்பா, ஏழு வருசத்துல ஒரு வாட்டி கார்டக் கொண்டாந்து காட்டியிருக்கக்கூடாதா?"

பாய் ஸ்பிரிட்டும் ரப்பரும் கொடுத்தார், மிஷின் கிளம்புவதற்கு வேண்டிய கறுப்புத் தட்டு, ஃப்ளாப்பி என்பார்களே, அது ஒன்றும் கொடுத்தார். வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றான். இரண்டு பஸ்ஸை விட்டான். யாரைத் திட்டுவது? வேலுவைத் திட்டியாயிற்று. சில்லுகளைத் திட்டியாயிற்று. ஓடிக்கொண்டிருந்த மிஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆசை ஆசையாய்த் தடவித் தடவிச் சாகடித்தவன் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சவரியம்மா முதல் பூசை முடித்து வந்தபோது அவன் கடைசிக் கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பூசைக்கும் போகவில்லை, பல்லும் தேய்க்கவில்லை. வேலு வண்டி கீழே வந்து மணியடித்தது.

"டைம் ஆயிட்ச்சு" என்றாள் சவரியம்மா.

கார்டுகளைச் சொருகி, பாய் கொடுத்த தட்டையும் உள்ளே தள்ளினான். சுவிட்ச். திரை மூலையில் பச்சையாய் ஒரு கோடு மினுக்கியது, அவ்வளவுதான். வேறு அசைவில்லை.

வேலு எட்டிப் பார்த்தான். "அண்ணி, முட்ஞ்சுதா? தூக்கவா?"

"தூக்கு."

"இருடா! பயசுடா அது. எல்லாத்தியும் எண்ணிப் பாத்துட்டுத்தான் எந்திரிக்கும்" என்று கத்தினான் ஆண்டனி. வேலு அதற்குள் சுவரோரத்துத் திரை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி இறங்கிவிட்டான். ஓர் 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம் போயிற்று. இன்னொன்று சொல்கிற நேரமும் போயிற்று. அப்புறம் ஒரே ஒரு குட்டைச் சத்தம். தட்டு கரகரவென்று சுற்றியது. பச்சை எழுத்து வரிசையாய் வந்து நின்றது.

ஆண்டனி அழுதானா என்று கேட்டால், தும்மினேன் என்றுதான் சொல்வான்.

"இன்னா எயுதிக்கீது?" என்றாள் சவரியம்மா.

"இன்னிக்கு இன்னா தேதின்னு கேக்குது."

"ஏயு வருசம் தூங்கிட்டு எந்திரிச்சா வேற இன்னா கேக்கும்? சரி, சொன்னா இன்னா பண்ணும்?"

ஆண்டனி தலையைச் சொறிந்தான். "மணி கேக்கும்."

சவரியம்மா மாதா படத்தைப் பார்த்தாள், மிஷினைப் பார்த்தாள், மறுபடி மாதாவைப் பார்த்தாள். படிக்கட்டிலிருந்து வேலு குரல் கொடுத்தான். "அண்ணி, எறக்கறதா ஏத்தறதா? கை நோவுது!"

"மேல எட்னு வா" என்றாள். சத்தியம் சத்தியம்தான். அவள் அப்படிப்பட்டவள்.

"வேலு, ஒன் வண்டி மேல தப்பில்லடா" என்றான் ஆண்டனி.

"ஏயு வருசம் கயிச்சு சொல்றியா? ரொம்ப தேங்க்ஸு அண்ணாத்தே."

சாயங்காலம் ஜெனிதா வந்தாள். கட்டில்மேல் இருந்த நாலை மட்டும் இறக்கிச் சுவரோரம் அடுக்கினார்கள். மீதிப் பத்துக்கும் இப்போது வைத்தியம் தெரியும். ஆண்டனி ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்ததும் ஜெனிதா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். "நைனா, அந்த நாத்தம் ஒத்துக்கல." குடல் வெளியே வருகிற வாந்தி எப்படி இருக்கும் என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கார்டுகளை மாடிப்படிக்கு எடுத்துப்போய் உட்கார்ந்து தேய்த்தான். மூன்று ரப்பர் தேய்ந்து முடிவதற்குள் பேத்தியும் பிறந்துவிட்டாள்.

பத்து மிஷினும் துடைத்துத் தயாராய் இருந்தன. குழந்தை தூங்குகிறது, ஒன்றை மட்டும் மெதுவாய்ப் போட்டுப் பார்க்கலாமே என்று ஒரு நாள் சுவிட்சைத் தட்டினான். மிஷின் ஒரு கத்து. அதற்குமேல் குழந்தை ஒரு கத்து. சவரியம்மா வந்து கரண்ட் ஒயரை உருவினாள். நல்ல ஒயர் வீட்டில் அது ஒன்றுதான். சுருட்டி மீன்கூடையில் போட்டுக்கொண்டாள்.

"சத்தியம் பண்ணியேம்மே!"

"இருக்கட்டும்னு சொன்னேன். கீதா இல்லியா? ஓட்டலாம்னு எப்பச் சொன்னேன்? கொயந்தைக்கு மூணு மாசம் முடியட்டும்."

அன்றிலிருந்து தினம் காலையில் அந்த ஒயர் மீனோடு மந்தைவெளி வரை போய்விட்டு வருகிறது. ஆண்டனி பாதிரியார் கொடுத்த காலண்டரில் நாளை அடித்துக்கொண்டு வருகிறான். குழந்தை விழித்தால் அவன் மடி. தூங்கினால் மூச்சுவிடக்கூடாது. எதிரே பத்து மிஷின், ஓடுமோ ஓடாதோ தெரியாமல். பழைய ஏழு வருஷமே தேவலை என்று இருக்கிறது அவனுக்கு.

நேற்று சவரியம்மா கூடையோடு படி இறங்கும்போது கானாங்கெளுத்திக்கு அடியிலிருந்து ஒயரின் நுனி தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆண்டனி வாசலுக்கு ஓடிவந்தான்.

"ஈரம் படாம வைம்மே! முனைல உப்பு ஏறிடும்!"

கீழேயிருந்து பதில் வந்தது.

"கிரீஸு தடவிக்கிறேன், போய்யா!"