உயராத கைகள்

விம்பிள்டனில் ஞாயிறுதோறும் கால்பந்து ஆடும் எங்கள் தமிழ் அணியில், ஓய்வுபெற்ற ஸ்பானிய முன்கள வீரர் ஒருவர் சில மாதங்கள் ஆடினார். நரைத்த தாடி, சற்றே வளைந்த கால்கள். கோல் அடித்தால் கொண்டாடமாட்டார். மன்னிப்புக் கேட்பதுபோல் இரு கைகளையும் உயர்த்துவார்.

“முந்தி ஆடின பழைய கிளப்புக்கு எதிரா அடிச்சாத்தானே அண்ணை, மன்னிப்புக் கேட்டுக் கையைத் தூக்குறவை?” என்று எங்கள் பெடியன் ஒருவன் என்னிடம் கேட்டான். நான் அவரையே கேட்டேன்.

“நிறையக் கிளப்புகளுக்கு ஆடிவிட்டேன். கடைசியில் எங்கே அடித்தாலும் பழைய வீடாகவே இருந்தது. கை பழகிவிட்டது” என்றார்.

பிறகு வேறோர் அணிக்குப் போய்விட்டார். அந்த அணிக்கு எதிராக நாங்கள் ஆடிய அன்று, கோல் கீப்பரான என்னைத் தாண்டிப் பந்தை வலைக்குள் தள்ளினார். இன்று அந்த மன்னிப்பு எங்களுக்கு உரியது என்று, கைகள் உயரக் காத்திருந்தேன்.

அவர் சட்டையைக் கழற்றிச் சுழற்றியபடி மைதானத்தைச் சுற்றி ஓடினார்.