தராசுக்காரர்கள் செய்த மீன் ஸ்பூன்

எங்கள் பட்டறையில் தராசு செய்வார்கள். மருந்துக்கடைத் தராசு, நகைக்கடைத் தராசு, கல்லூரி ஆய்வுசாலைத் தராசு. இதைத் தவிர வேறெதுவும் செய்யத் தெரியாது என்பதை முதலாளி பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அதை ஓர் எச்சரிக்கையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது, கர்னல் துரையின் மீன் ஸ்பூன் வந்தபோது எனக்குத் தெரிந்தது.

யுத்தம் வந்து ஆண்பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போனதால், தொழிற்பயிற்சி வகுப்பில் பெண்களுக்கும் இடம் கொடுத்தார்கள். நான் இயந்திர வரைபடமும் அளவுக்கருவிகளும் படித்துத் தேறினேன். தொம்மலூரிலிருந்து சைக்கிள் மிதித்து, கண்டோன்மெண்ட் ஓரத்தில் இருந்த இந்தப் பட்டறைக்கு வேலைக்கு வந்தேன். வரைபடக்காரர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதால் ஜன்னலோர மேஜை காலியாக இருந்தது. அதில் என்னை உட்கார வைத்தார்கள், ஆனால் தற்காலிகமாக. பெண்பிள்ளைக்குச் சரியான இடம் பின்பக்கத்து பேக்கிங் அறைதான் என்பது மேஸ்திரியின் கருத்து. அங்கே தராசுத் தட்டுகளைப் பஞ்சு வைத்துப் பெட்டியில் அடுக்குவார்கள்.

மேஜையை எனக்குத் தரக்கூடாது என்பதற்கு அவர் சொன்ன காரணங்களை நான் மனத்தில் வரிசையாக வைத்திருந்தேன். ஒன்று, மேஜை உயரம். இரண்டு, பெண் பென்சில் சீவினால் பாதி குப்பைக்குப் போகும். மூன்று, நாளைக்கே கல்யாணம் ஆகிவிடும். மூன்றாவதை ஊரில் எல்லாருமே சொன்னார்கள். மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மட்டும் ஒருவரும் வரவில்லை.

இந்த நிலையில்தான் கர்னல் துரை வந்தார். ஓய்வு பெற்றவர். காவேரியில் பெரிய கெண்டை பிடிப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை. துரைமார் அந்த மீனை மஷீர் என்பார்கள். ஆளுயரத்துக்கு வளரும் என்று அவர் சொன்னார். எந்த ஆளின் உயரம் என்று சொல்லவில்லை.

ஒரு தகர டப்பாவைத் திறந்து, வெல்வெட் துணியிலிருந்து ஒரு பித்தளைத் தகட்டை எடுத்து மேஜையில் வைத்தார். சாப்பிடுகிற ஸ்பூனின் காம்பை வெட்டி எறிந்துவிட்டுக் குழிவை மட்டும் வைத்துக்கொண்டது போல இருந்தது. அதனால் அதற்குப் பெயரும் ஸ்பூன்தான். தலைப்பக்க வளையத்தில் தூண்டில் நரம்பைக் கட்டுவார்கள். வால்பக்க வளையத்தில் மூன்று முனை முள் தொங்கும். இரை கிடையாது. ஆற்றில் வீசி இழுத்தால், தகடு பளிச்சிட்டுக்கொண்டு, அடிபட்ட சின்ன மீன் மாதிரித் தத்தளிக்கும். பெரிய மீன் அதை நம்பிக் கவ்வும்.

சீமையிலிருந்து கப்பலில் ஸ்பூன் வருவது யுத்தத்தால் நின்றுபோயிருந்தது. துரையிடம் இருந்த மற்ற ஸ்பூன்களை எல்லாம் காவேரிப் பாறைகள் தின்றுவிட்டன. மிஞ்சியது இது ஒன்றுதான். மீன் விழுந்ததும் இதற்குத்தான்.

"இதன் வளைவைப் பாருங்கள். பல வருஷம் யோசித்து நானே கொடுத்த வளைவு" என்றார் ஆங்கிலத்தில். "இதே மாதிரி ஒரு டஜன் வேண்டும்."

அவர் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"துரை குஷியானா, கிளப்புல இருக்கிற அத்தனை துரைங்களும் நம்ம வாசல்ல நிப்பாங்க. நீயே வரைஞ்சு குடு. சரியா வந்துதுன்னா மேஜை உனக்கு. கெட்டுதுன்னா பஞ்சு ரூம். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

நான் அந்த ஸ்பூனை அளந்தேன். தகடு வால்பக்கம் கனம், தலைப்பக்கம் மெலிவு. நெடுக ஒரு வளைவு போக, இடது ஓரம் லேசாக மேலே தூக்கியிருந்தது. வாளித் தண்ணீரில் போட்டு நூலால் இழுத்தேன். இடதும் வலதுமாக ஆடிக்கொண்டு வந்தது. இருந்ததை இருந்தபடியே வரைந்து, கோணலுக்கும் அளவு போட்டுக் கொடுத்தேன்.

மேஸ்திரி வரைபடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஏம்மா இன்ஜினியரம்மா, ராத்திரி சரியா தூங்கலையா? இந்தப் பக்கம் ஏன் தூக்கிக்கிட்டு நிக்குது?"

"சாம்பிள் அப்படித்தான் இருக்கு மேஸ்திரி. அதனாலதான் தண்ணியில ஆடுது."

"ஆடணுமா? நம்ம பட்டறையில செஞ்ச சாமான் ஆடணுமா? வெளியில சொல்லிடாதே, சிரிப்பாங்க." முதலாளி பக்கம் திரும்பினார். "பழசாகி நெளிஞ்சுபோனது சார். நெளிஞ்சதைப் பார்த்து நெளிஞ்சதையே செஞ்சு குடுத்தா நமக்கு என்ன மரியாதை?"

"ஆடாம இருந்தா மீன் எப்படிக் கடிக்கும்?" என்றேன்.

"அது மீனோட வேலைம்மா. நம்ம வேலை பேலன்ஸு."

முதலாளி சிவப்புப் பென்சிலை எடுத்து, தூக்கியிருந்த ஓரத்தை அடித்து நேராக்கினார். வால்பக்கக் கனத்தையும் அடித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இடதும் வலதும் சமமில்லாத பொருளைப் பார்த்தால் அந்தப் பட்டறையில் யாருக்கும் சோறு இறங்காது. சுவரில் மாட்டியிருக்கும் சாமி படத்தை ரசமட்டம் வைத்துச் சரி பார்ப்பவர்கள் அவர்கள்.

கழித்துப்போட்ட தராசுத் தட்டுகளிலிருந்து பித்தளை வெட்டினார்கள். தட்டினார்கள், அரத்தால் ராவினார்கள். மேஸ்திரி ஒவ்வொரு ஸ்பூனையும் கத்திமுனையில் குறுக்காக நிறுத்துவார். ஒரு பக்கம் சாய்ந்தால், அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் ராவுவார். கடைசியில் டஜனும் கத்திமுனையில் அசையாமல் நின்றன. நிக்கல் முலாம் பூசி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்கள். அவற்றை மீன் வாயில் போடுவதே பாவம் என்று தோன்றியது.

துரை காவேரிக்குப் போனார். திரும்பி வந்தபோது மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. மீன் என்ற பேச்சே இல்லை. டப்பாவை மேஜையில் கவிழ்த்தார்.

"இதை வைத்து டீ கலக்கலாம்" என்றார்.

முதலாளி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "வரைஞ்சது இந்தப் பொண்ணு சார். புதுசு. இன்னைக்கே வேற வேலைக்கு மாத்திடறேன்" என்று இருக்கிற ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். மேஸ்திரி பேக்கிங் அறைக் கதவைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கருணைகூட இருந்தது.

சத்தம் போட்டால் அழுகிறாள் என்பார்கள். அதனால் வரைபடத்தை விரித்து, என் கறுப்புக் கோட்டையும் அதன்மேல் கிடந்த சிவப்புக் கோட்டையும் துரைக்குக் காட்டினேன். "கோபித்துக்கொள்ளும் முன் பழைய ஸ்பூனையும் புதியதையும் ஒரே தண்ணீரில் இழுத்துப் பாருங்கள்" என்றேன். துரைக்கு வேறு வேலை இல்லை என்று முன்பே சொன்னேன். உடனே தூண்டிலை எடுக்கச் சொன்னார்.

அல்சூர் ஏரிக்குப் போனோம். துரை, முதலாளி, மேஸ்திரி, நான், தூண்டில்களைச் சுமந்துகொண்டு துரையின் பட்லர். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏண்டி, தொரை வூட்ல தண்ணி வரலையாடி? ஸ்பூனு கழுவ ஏரிக்கு வந்துட்டாரு."

"நாலு பேரு வேற தொணைக்கு. ஃபோர்க்கு கழுவணும்னா பட்டாளமே வரும் போல."

துரைக்குத் தமிழ் தெரியாது. முதலாளிக்குத் தெரியும், அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

முதலில் எங்கள் நிக்கல் ஸ்பூன். தண்ணீருக்கடியில் நேராக, அமைதியாக, பந்தியில் நகர்த்திய தட்டு மாதிரி வந்து சேர்ந்தது. அடுத்தது பழைய ஸ்பூன். போட்ட கணமே உயிர் வந்தது. துள்ளியது, புரண்டது, இடதிலும் வலதிலும் மின்னியது. துவைக்கிற பெண்களே "மீனு! மீனு!" என்று கத்தினார்கள்.

"ஏரித் தண்ணி கனம் சார்" என்றார் மேஸ்திரி.

துரை நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தான் சொன்னேனே, அந்த வளைவு. பல வருஷ யோசனை."

பட்லர் நரம்பைச் சுற்றிக்கொண்டே, மரியாதையாக, ஆங்கிலத்திலேயே சொன்னார்: "அது நீங்கள் மேலே உட்கார்ந்ததில் வந்தது சார். ஆற்றங்கரையில், முகாம் நாற்காலியில். முள் குத்தி டாக்டரைக்கூடக் கூப்பிட்டோமே."

துரையின் முகம் மூக்கின் நிறத்துக்கு வந்தது. ஆக, உலகத்தின் தலைசிறந்த வளைவைக் கொடுத்த கருவி எதுவென்று தெரிந்துவிட்டது. வரைபடத்தில் அதைக் குறிக்க எங்கள் வகுப்பில் சொல்லித் தரவில்லை. நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தன்மானம் போனாலும் துரைக்கு மீன் வேண்டும். கறுப்புக் கோட்டின்படி மறுபடி ஒரு டஜன் செய்யச் சொல்லிவிட்டுப் போனார்.

சொல்வது எளிது. மேஸ்திரியின் கையால் கோணலாகச் செய்ய முடியவில்லை. என் எதிரில் ஓரத்தைத் தூக்குவார். நான் நகர்ந்ததும் அவர் கட்டைவிரல் தானாக அதை அமுக்கிவிடும். திட்டிப் பயனில்லை என்று தெரிந்து, மேலும் கீழுமாக இரண்டு இரும்பு அச்சு ராவினேன். நடுவில் தகட்டை வைத்து ஓர் அடி அடித்தால், எல்லா ஸ்பூனும் ஒரே மாதிரிக் கோணிக்கொண்டு விழும். கோணலிலும் ஓர் ஒழுங்கு இருப்பதைப் பார்த்த பிறகுதான் முதலாளிக்கு மூச்சு வந்தது.

இந்தத் தடவை துரை ஆற்றிலிருந்து ஓர் உறை அனுப்பினார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு மீன் செதில். முதலாளி அதைக் கையில் வாங்கினார், இப்படியும் அப்படியும் திருப்பினார், பிறகு பழக்கதோஷத்தில் தராசில் வைத்து எடை பார்த்தார். கிளப்பிலிருந்து ஆர்டர்களும் வந்தன. அங்கே வளைவு பல வருஷ யோசனை என்றுதான் இன்னமும் பேச்சாம். பட்லருக்குப் புதுக் கோட்டு கிடைத்தது.

"மேஜை?" என்று கேட்டேன்.

"உன்னுதுதாம்மா. வாக்கு வாக்குதான்." முதலாளி ஒரு ஸ்பூனை நுனிவிரலால் தள்ளினார். "ஆனா நம்ம முத்திரை இதுல விழக் கூடாது. சமமா இல்லாத சாமான்ல என் பேர் இருந்தா நாளைக்கு நகைக்கடைக்காரன் என்ன நினைப்பான்?"

"அப்போ யார் முத்திரை சார்?"

"வேணும்னா உன் எழுத்தைப் போட்டுக்கோ. நேரா இருக்கறதுக்கு நான், கோணலுக்கு நீ."

போட்டுக்கொண்டேன். வால்பக்கம், முள் தொங்கும் வளையத்துக்குச் சற்று மேலே, என் எழுத்து. பட்டறையிலிருந்து வெளியே போகிற எந்தப் பொருளிலும் அதுவரை ஒரு பெண்ணின் எழுத்து இருந்ததில்லை. அவமானப்படுத்துவதாக நினைத்துக் கொடுத்ததால், அதைத் திரும்பக் கேட்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

மேஸ்திரி மட்டும் இன்னும் திருந்தவில்லை. பெட்டியில் அடுக்கும் சாக்கில் ஸ்பூன் ஒவ்வொன்றையும் எடுத்து, ஓரத்தை விரலால் நிமிர்த்திப் பார்ப்பார். அதனால் பேக்கிங் அறைச் சாவி இப்போது ஜன்னலோர மேஜையின் இழுப்பறையில், என் பென்சில்களோடு இருக்கிறது. உள்ளே போக வேண்டுமென்றால் அவர் என்னிடம் வந்து கேட்பார். மேஜையும் நான் உட்காரும் முக்காலியும் உயரம் என்பதால் கொஞ்சம் அண்ணாந்துதான் கேட்க வேண்டியிருக்கிறது.