சிலையக்கா சொல்ல மறந்த சொல்

ஸ்கேன் அறையில் படம் எடுப்பவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. குழந்தைகளுக்கு அவள் சிலையக்கா. மயக்க ஊசி இல்லாமல் வாண்டுகளைப் படுக்கவைத்துப் படம் எடுப்பதில் பதினெட்டு வருஷமாக அவளை அடிக்க ஆள் கிடையாது. அந்தத் திமிரைச் சொல்லி மாளாது! வித்தை ரொம்பச் சின்னது. "சிலை!" என்றால் அசையக்கூடாது, "கலை!" என்றால் விடுதலை.

அன்று வந்தவள் ஐந்து வயது வாயாடி. ஏதோ அபூர்வக் கிருமி மூளைக்குள் புகுந்து, எலுமிச்சம்பழம் அளவுக்குச் சீழ் கட்டியிருந்தது. ஆறு வாரம் மருந்து ஏற்றியாயிற்று. கட்டி சுருங்கியிருந்தால் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் மறுநாளே மண்டையைத் திறக்க வேண்டும். அம்மாக்காரி வளையலைக் கழற்றிவைத்துவிட்டு, காதை அடைத்துக்கொண்டு, மகள் காலைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அசைஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்றாள் வாயாடி.

"நீ தோத்துட்டேன்னு ஊருக்கே சொல்லுவேன். சிலை!"

இயந்திரம் டமடமவென்று தட்டத் தொடங்கியது. பக்கத்து அறையில் டாக்டரும் சிலையக்காவும் மூக்கு ஒட்டுமளவுக்குத் திரைமேல் குனிந்தார்கள். சீழ் இருந்தால் வெள்ளையாகப் பளிச்சிடும். எங்கே வெள்ளை? எலுமிச்சை இருந்த இடத்தில் கடுகளவு தழும்பு!

"பொழைச்சுட்டா!" என்றார் டாக்டர். சிலையக்கா அவர் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றியதில் அவருடைய செருப்பு ஒன்று மேஜைக்கடியில் போய் விழுந்தது. ஒற்றைச் செருப்போடு அவரும், சிரிப்போடு இவளும் உள்ளே ஓடினார்கள்.

படுக்கை இயந்திரத்துக்குள்ளிருந்து வெளியே வந்தது. பிள்ளை அசையவில்லை. கண் விட்டத்தையே வெறித்தது.

"பாப்பா?"

சிலையக்கா கன்னத்தைத் தட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, என் பொண்ணுக்கு என்னாச்சு?" என்று அம்மா அலறினாள். டாக்டர் முகம் வெளுத்தது. அப்புறம்தான் சிலையக்காவுக்கு உறைத்தது. அடிப்பாவி, சந்தோஷத்தில் அதைச் சொல்லவே இல்லையே!

"கலை!"

"எவ்ளோ நேரம்? மூக்கு அரிச்சு உயிரே போச்சு!" என்று துள்ளி எழுந்தாள் வாயாடி.

"கட்டி போயிடுச்சும்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் டாக்டர்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் வாயாடி விரலை நீட்டிவிட்டாள். "இப்ப நீங்க மூணு பேரும் சிலை!"

மூவரும் அப்படியே நின்றார்கள். ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தவள், கடைசியில் அம்மா முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, உன் கண்ணுல தண்ணி அசையுது. நீ அவுட்."