பெஞ்சின் ஓரத்தில் ஆர்டிஸ்

“பொதுமக்களில் எவரேனும் பேச விரும்புகிறீர்களா?” என்று கேட்டுவிட்டு ஆர்டிஸ் க்வாமி காத்திருக்கிறாள். சட்டப்படி கேட்டாக வேண்டிய கேள்வி என்பதால் இதை மட்டும் சுத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக உச்சரிப்பாள். எதிரே நாலு வரிசை பழைய இரட்டை பெஞ்சுகள். ஒன்றிலும் ஆள் கிடையாது. ஜன்னலுக்கு வெளியே அறுத்த கோதுமைத் தாளின் மேல் பனி, அதற்கு மேல் மொன்டானா வானம், அவ்வளவுதான். பள்ளியை நடத்தும் உள்ளூர் வாரியத்தின் மற்ற இரண்டு உறுப்பினர்களான அவள் தம்பி மெர்லும் பக்கத்துப் பண்ணைக்காரர் டெல்பர்ட் ரட்டும் நாற்காலியில் நெளிகிறார்கள்.

“பொதுமக்கள் எல்லாம் மாட்டுக்குத் தீனி போடப் போயிருக்காங்கக்கா,” என்று மெர்ல் சூரியகாந்தி விதைத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்புகிறான். “மேல போ.”

“கேள்வி கேட்டா பதில் சொல்ல நேரம் குடுக்கணும்டா. வாய மூடு.”

அவள் பார்வை காலி பெஞ்சுகள் மேல் மெதுவாகப் போகும். ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று போகும். கடைசி வரிசையில், சுவரோரம், இன்னும் கொஞ்சம் தாமதிக்கும். பிறகு “சரி” என்று தலையாட்டுவாள். யாருக்கு ஆட்டுகிறாள் என்று டெல்பர்ட் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தார். அதிலிருந்து கூட்டம் முடியும்வரை அவர் மேசையைத்தான் பார்ப்பது.

லோன் ஆஷ் பள்ளிக்கூடம் ஒற்றை அறை, ஒரு கொடிக்கம்பம், ஒரு ஊஞ்சல். கடைசியாகப் படித்த இரண்டு பிள்ளைகள், அப்பன் பண்ணையை விற்றதும் அவனோடு போய்விட்டார்கள். இது பிள்ளையில்லாத மூன்றாவது குளிர்காலம். ஆனால் பள்ளி செத்துவிட்டதா என்றால் இல்லை. வாரியம் இருக்கிறது, தேர்தல் இருக்கிறது, காப்பீடு இருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று மாநிலம் தரும் பணம் தலையே இல்லாததால் நின்றுபோனது. அதனால் சுற்றியுள்ள பண்ணைகள்தான் நிலவரி கட்டி இந்தக் கட்டடத்தைச் சூடாக வைத்திருக்கின்றன. ஒவ்வொரு மே மாதமும் இதே அறையில் அந்த வரிக்கு ஓட்டெடுப்பு. பண்ணைக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்து, ஆர்டிஸ் முகத்தைப் பார்த்ததும் சரி என்று போட்டுவிட்டுப் போவார்கள்.

“பிள்ளையில்லாத வீட்ல கெழவன் துள்ளி விளையாடின கதையா இருக்கு தலைவரம்மா நம்ம பொழப்பு,” என்பார் டெல்பர்ட்.

“விளையாடத் தெரிஞ்ச கெழவன் விளையாடுறான். உங்களுக்கு என்ன போச்சு?”

மாநிலம் ஆண்டுதோறும் பள்ளிகளுக்கு மதிப்பெண் பட்டியல் அனுப்பும். லோன் ஆஷில் இரண்டு பேர் படித்த காலத்தில், கட்டத்துக்குக் கட்டம் ஒரு நட்சத்திரக் குறிதான் இருக்கும். பிள்ளைகள் மிகக் குறைவு, மதிப்பெண் போட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும், ஆகவே வெளியிடவில்லை என்று அதற்கு அர்த்தம். பிள்ளைகள் போன பிறகும் பட்டியல் வந்தது. அதே கட்டங்கள், அதே நட்சத்திரங்கள். மெர்ல் விழுந்து விழுந்து சிரித்தான். ஆர்டிஸ் சிரிக்கவில்லை. அதைக் கரும்பலகை ஓரத்தில் குத்தி வைத்தாள்.

“ஆள் இருந்தப்பவும் நட்சத்திரம், இல்லாதப்பவும் நட்சத்திரம். உள்ள எத்தனை பேருன்னு மாநிலத்துக்கே தெரியல பாரு,” என்றாள்.

ஆள் நெட்டை. செத்துப்போன புருஷனின் விதைக் கம்பெனித் தொப்பிதான் வெயிலுக்கும் பனிக்கும். அறுபது தாண்டியும் தனியாக வைக்கோல் கட்டுகளை டிராக்டரில் தூக்கி மாட்டுக்குப் போடுவாள். பேச்சில் தேன் கிடையாது. பால் பவுடர் விலையிலிருந்து கடவுள் வரை எல்லாவற்றுக்கும் “பாப்போம்” என்று ஒரே பதில். வாரம் ஒருமுறை பள்ளிக்கு வந்து பெஞ்சைத் துடைப்பாள். பென்சில்களைச் சீவி வைப்பாள். யாருக்கு என்று கேட்டால், “சீவாத பென்சில் அசிங்கமா இருக்கு,” என்பாள்.

இன்னொரு பழக்கம் உண்டு. எங்கே உட்கார்ந்தாலும் ஓரத்தில்தான் உட்காருவாள். சர்ச் பெஞ்சு முழுக்கக் காலியாக இருந்தாலும் பாதி உடம்பு வெளியே தொங்க, முனையில். ஹார்மன் டவுன் காபிக் கடையில் சோபா இருக்கையின் விளிம்பில். தன் வண்டியிலேயே கதவோடு ஒட்டிக்கொண்டு ஓட்டுவாள். கல்யாணமான புதிதில் புருஷன் லார்ஸ் கேட்டானாம்: “ஏண்டி, இவ்ளோ பெரிய கட்டில்ல விளிம்புல தொங்குற? நடுவுல யாருக்கு எடம் விட்டிருக்க?” நாற்பது சொச்சம் வருஷம் அவன் கேட்டுக்கொண்டே இருந்து, கேட்பதை விட்டு, செத்தும் போனான். இப்போதும் விளிம்பில்தான் படுக்கிறாள்.

இதன் வேர் இந்த அறையில்தான் இருக்கிறது. அவளுக்கு ஏழு வயதானபோது லோன் ஆஷில் படிக்க அவள் ஒருத்திதான் மிச்சம். அவளை வைத்துத்தான் அன்றைய வாரியம் பள்ளியைக் காப்பாற்றியது. டீச்சர் மிஸ் இங்கா சோர்லி நல்ல மனுஷி. ஒற்றைக் குழந்தை காலி அறையில் ஏங்கிப் போகுமே என்று, காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது பழைய மாணவர்கள் பெயர்களையும் சேர்த்துக் கூப்பிட ஆரம்பித்தாள். விளையாட்டாகத்தான். ஆல்மா. க்ளிஃபர்ட். இரட்டையர் ஹேசலும் ஹெலனும். ரூபன். ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் நிறுத்துவாள். முதலில் ஆர்டிஸ் கிளுகிளுவென்று சிரித்தாள். பனிக்காலம் நடுவில் சிரிப்பது நின்றது. பனி உருகுவதற்குள் அவளுக்குப் பதில் கேட்க ஆரம்பித்தது.

ரூபன் எப்போதும் கடைசி. கூப்பிட்ட பிறகு வெகு நேரம் கழித்துத்தான் “இருக்கேன்” என்பான். முன்பல் இல்லாத குரல். அவனுக்குத்தான் அவள் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவாள்.

பேய் பிசாசு என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களில் பாதிப் பேர் அப்போது உயிரோடுதான் எங்கெங்கோ வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரூபனை அவள் பெரியவளான பிறகு பில்லிங்ஸ் மாட்டுச் சந்தையில் பார்த்தாள். வழுக்கைத் தலை, பெரிய தொப்பை, வாய் நிறையப் பல். கைகுலுக்கினான். அவளுக்கு அவனைப் பிடிக்கவில்லை. இங்கே இருப்பவன் வேறு என்று தெரிந்தது. மறு வருஷம் மெர்லும் இன்னும் சில பிள்ளைகளும் பள்ளியில் சேர்ந்ததும் மிஸ் சோர்லி அந்தப் பெயர்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கூப்பிடாவிட்டால் போய்விடுவார்களா என்ன? யாரும் போகச் சொல்லவே இல்லையே.

வாரியத் தலைவராக அவள் ஏன் இந்தப் பள்ளியைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று ஊர் கேட்கும். மூன்று குளிர்காலம் பிள்ளை இல்லாவிட்டால் பள்ளியின் பெயரை அடித்துவிட்டு, அதன் நிலத்தை ஹார்மன் டவுன் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். கட்டடம் வைக்கோல் கொட்டகையாகும். உள்ளே இருப்பவர்களை என்ன செய்வது? இதை யாரிடம் கேட்பாள்!

இந்த ஜனவரியில் டெல்பர்ட்டின் பண்ணைக்குப் புதிதாக ஒரு வேலைக்காரக் குடும்பம் வந்தது. மனைவி பெயர் ஜனெல் ப்ரூயிட். ஏழு வயதில் ஒரு பெண், ஓபல். ஒரு தலை! ஒன்று போதும், பள்ளியைத் திறக்கலாம், மாநிலப் பணமும் வரும். ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் வரத் தயாராக இருந்தாள். டெல்பர்ட்டுக்கும் சந்தோஷம். பிள்ளைக்குப் பக்கத்திலேயே பள்ளி என்றால் குடும்பம் தங்கும், வேலைக்கு ஆள் நிற்கும். மெர்ல் மட்டும், “பஸ்ஸுல டவுனுக்குப் போகட்டுமே, நம்ம வரியும் கொறையும்,” என்றான். அக்காவின் ஓட்டு எந்தப் பக்கம் என்று யாருக்கும் சந்தேகமே இல்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஜனெல் மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளியைப் பார்க்க வந்தாள். ஆர்டிஸ் ஹீட்டரைக் கூட்டி வைத்திருந்தாள். ஓபல் உள்ளே ஓடி, எல்லா பெஞ்சையும் தொட்டுப் பார்த்து, கடைசி வரிசையில் சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

“மத்த பசங்க எல்லாம் எப்ப வருவாங்க?”

“நீதான் மொத ஆளு, கண்ணு.”

“நான் மட்டுமா?”

ஜனெல் சங்கடமாகச் சிரித்தாள். “ஆர்டிஸம்மா, தனியா இவ ஏங்கிட மாட்டாளே? வீட்லயும் ஒத்தப் புள்ள.” அதற்குள் அவள் போன் அடித்தது. சிக்னல் தேடி வெளியே போனாள்.

ஆர்டிஸ் டீச்சர் மேசைக்குப் பின்னால் நின்றாள். பிள்ளை முகம் வாடியிருந்தது. அதைச் சிரிக்க வைக்கத்தான் நினைத்தாள், வேறொன்றும் இல்லை.

“ஓபல் ப்ரூயிட்!”

“இருக்கேன்!” என்று குழந்தை கையைத் தூக்கிச் சிரித்தது.

அங்கே நிறுத்தியிருக்கலாம். வாய் கேட்கவில்லை. “ஆல்மா,” என்றது. கொஞ்சம் நிறுத்தியது. “க்ளிஃபர்ட். ஹேசல். ஹெலன்.” ஒவ்வொன்றுக்கும் ஓபல் கிளுகிளுத்தாள். “ரூபன்.”

ஹீட்டர் தானாக நின்றது. பனிக்காற்று கொடிக்கம்பத்தில் கயிற்றை அடித்துக்கொண்டிருந்தது. ஓபல் சிரிப்பை நிறுத்திவிட்டு, கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்தாள். பிறகு தன் கோட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் நகர்ந்தாள். நகர்ந்து நகர்ந்து, முனைக்கே வந்துவிட்டாள்.

“ஏம்மா நகர்ற?”

“எடம் பத்தாதுல்ல,” என்றாள் ஓபல்.

ஆர்டிஸுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அறுபது வருஷமாகத் தனக்கு மட்டும் தெரிந்த ஒன்று! பைத்தியம் இல்லை, தான் பைத்தியம் இல்லை! மேசையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள். பிறகு பெஞ்சைப் பார்த்தாள். சின்னப் பெண்ணொன்று, ஒரு தொடை வெளியே தொங்க, விழாமல் இருக்கக் காலை ஊன்றிக்கொண்டு, விளிம்பில். அந்தத் தொடையைப் பார்த்ததும் ஆர்டிஸின் சிரிப்பு அடங்கிவிட்டது. லார்ஸின் குரல் காதில் விழுந்தது. நடுவுல யாருக்கு எடம் விட்டிருக்க?

“எழுந்திரு,” என்றாள். குரல் தேவைக்கு மேல் கடுமையாக வந்துவிட்டது. “எழுந்திரு கண்ணு. அம்மாகிட்ட போ.”

பிப்ரவரிக் கூட்டம் எப்போதும்போல மத்தியானம். டெல்பர்ட் முகம் கழுவி, தலை வாரி வந்திருந்தார். ஓட்டுக்கு முன்னால் ஆர்டிஸ் அந்தக் கேள்வியைக் கேட்டாள். “பொதுமக்களில் எவரேனும் பேச விரும்புகிறீர்களா?” அன்று அவள் வெகு நேரம் காத்திருந்தாள். தலையாட்டாமலே அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

“பள்ளியைத் திறக்கணும்,” என்றார் டெல்பர்ட்.

“வேணாம்,” என்றான் மெர்ல். “அக்கா, உன் முடிவுதான்.”

“வேணாம்,” என்றாள் ஆர்டிஸ்.

மெர்லின் வாயில் விதை அப்படியே நின்றது. டெல்பர்ட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “என்ன தலைவரம்மா வெளையாடுறீங்களா? மூணு வருஷமா எங்க உசுர வாங்கி வரி கட்ட வச்சீங்க, ஒரு புள்ள வராதான்னு தவம் கெடந்தீங்க. இப்ப வந்திருக்கு! வேணாமா?”

“வந்ததுனாலதான் வேணாம்ங்கறேன். அது டவுனுக்குப் போகட்டும். அங்க அதைக் கிள்றதுக்கு, தள்ளி விடறதுக்கு, பென்சிலப் புடுங்கறதுக்கு நாலு பசங்க இருக்காங்க.”

“புடுங்கறது ஒரு படிப்பா?”

“எடம் விடாம உக்காரக் கத்துக்கணும் டெல்பர்ட். சின்ன வயசுலயே கத்துக்கணும். அப்புறம் வராது.”

அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்க அவளும் முயலவில்லை. முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கரும்பலகை ஓரத்திலிருந்த நட்சத்திரப் பட்டியலை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள். டெல்பர்ட் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். கோடையில் கட்டடம் டவுன்காரர்கள் கைக்குப் போய்விடும். அதுவரை ஹீட்டருக்குச் செலவு செய்ய இனி யாரும் ஓட்டுப் போடப்போவதில்லை. அவள் அதை அணைத்தாள். குழாயில் தண்ணீரை வடித்தாள். கொடியை இறக்கி மடித்தாள்.

மெர்ல் தன் வண்டியில் ஹாரன் அடித்தான். “அக்கா! கதவச் சாத்திட்டு வா, பனி எல்லாம் உள்ள போகுது!”

ஆர்டிஸ் கதவை அகலத் திறந்து, முதுகை நிலையோடு ஒட்டி, வயிற்றை எக்கிக்கொண்டு வழிவிட்டு நின்றாள். கன்னம் உறைகிற காற்று. அவள் கண் இடுப்பு உயரத்தில் ஒவ்வொன்றாக உள்ளேயிருந்து வெளியே, உள்ளேயிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. உதடு பெயர் பெயராக அசைந்தது. மெர்ல் மறுபடி ஹாரன் அடித்தான். அவள் சாத்தப் போன கையை நிறுத்தி, எப்போதும் கடைசியாக வருகிறவனுக்காக இன்னும் சற்றுப் பொறுத்தாள்.