கங்கம்மாளுக்குப் பிறந்தவர்கள்

திருப்பதி பஸ் நிலையத்தைச் சுற்றி வருஷத்துக்கு நாலு லாட்ஜ் முளைத்துக்கொண்டிருந்த காலம். மலைக்கு வருகிற ஜனங்கள் படுத்து எழுந்த விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து மடிப்பது கங்கம்மாளுக்கு வேலை. நகரிப் பக்கத்து எல்லைக் கிராமத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள். புருஷன் எத்திராஜோடு இங்கே வந்து பதினாலு வருஷம் ஆகியிருந்தது. அவன் ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கும் பஸ் நிலையத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினான்.

ஆறு வீடுகள் ஒட்டிக்கொண்டிருந்த லைனில் மூணாவது வீடு அவர்களுடையது. குடிவந்த வாரம் அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “பிள்ளைங்க?” “இல்ல” என்றாள். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. கேட்காததே பெரிய உபகாரமாக இருந்தது. ஊரில் அப்படி இல்லை. வளைகாப்பு, காதுகுத்து என்றால் அவள் வருகிற வழியைப் பார்த்துப் பேச்சு நின்றுவிடும்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜனத்தொகைக் கணக்கு எடுக்க ஆதிநாராயணன் வந்தார். மண்டலப் பள்ளிக்கூடத்து வாத்தியார், தெலுங்குக்காரர். அந்தப் பக்கத்தில் எல்லாரும் அய்யவாரு என்பார்கள். அகலமான தாள்களை மடங்காமல் அட்டையில் வைத்துக் கட்டியிருந்தார்.

குழாயடியில் குடம் வைத்திருந்த பக்கத்து வீட்டு தாட்சாயணி குரல் கொடுத்தாள். “அய்யவாரே, அடுத்தது நான்தான். எனக்கு முப்பதுன்னு போட்டுக்கங்க.”

“போன லெக்கல எவ்ளோ சொன்னீங்கம்மா?”

“போன தபாவும் முப்பதுதான் சார்” என்றான் எத்திராஜ். “அக்கா ஒரே பேச்சு. மாறாது.”

“உன் ஆட்டோ மீட்டர் மட்டும் ஓடுதாக்கும்!” என்று தாட்சாயணி திருப்பிக் கொடுத்தாள்.

அய்யவாரு சிரித்துக்கொண்டே எழுதினார். பெயர், வயது, தாய்மொழி தமிழ், தெரிந்த வேறு மொழி தெலுங்கு. எல்லாவற்றுக்கும் எத்திராஜே பதில் சொன்னான். ஊரைவிட்டு எதற்கு வந்தீர்கள் என்றதற்கு, “வேலைக்கு” என்றான். கங்கம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள்.

“உயிரோட இருக்கற பிள்ளைங்க?”

“இல்ல சார்.”

ஆண், பெண் என்று இரண்டு கட்டங்களில் சைபர் போட்டார். “சரி, பொறந்தது எத்தன?”

“அதான் இல்லன்னேனே.”

“அதி வேற, இதி வேறப்பா. இருக்கறது ஒரு லெக்க, பொறந்தது ஒரு லெக்க. பொறந்து ஒரு நிமிஷம் மூச்சு விட்டிருந்தாலும் எழுதணும். அட்லனே, அப்பிடித்தான் உத்தரவு.”

கங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். ரேஷன் கார்டு எழுத வந்தவர்களும், ஓட்டர் லிஸ்டுக்கு வந்தவர்களும் இருப்பவர்களைத்தான் கேட்டார்கள். சொந்தபந்தம்கூட அப்படித்தான். வந்துவிட்டுப் போனவர்களை ஒருவரும் கேட்டதில்லை. எங்கேயோ டில்லியில் யாரோ உட்கார்ந்து யோசித்து, இவர்களுக்கென்று கட்டம் கட்டி வைத்திருக்கிறார்கள். தேசத்தில் எத்தனை வீடு உண்டோ அத்தனை வாசலிலும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

“ஒரு பொண்ணு” என்றாள். “ஒம்போது நாளு இருந்தா.”

அய்யவாரு ஒன்று போட்டார். “அவ்ளோதானாம்மா?”

“ஒரு பையன்.”

“கங்கா...” என்றான் எத்திராஜ்.

“செத்துப் பொறந்திருந்தா எழுதக்கூடாதும்மா. அழுதுச்சா?”

அவன் பிறந்தபோது, வலியில் நினைவு தப்புகிற நேரத்தில், கங்கம்மாள் ஒரு சத்தம் கேட்டாள். கேட்டதாகத்தான் நினைத்தாள். அழவில்லை என்றாள் மருத்துவச்சி. செத்தே பிறந்தது, வலியில் உனக்குக் கனவு என்றாள் மாமியார். பதினைந்து வருஷமாக அதையே கேட்டுக் கேட்டு அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஆமாம் என்றால் சர்க்கார் தாளில் பொய்யாகிவிடுமோ? இல்லை என்றால் பெற்ற பிள்ளையைத் தானே இல்லையென்று அழித்ததாகிவிடும். அய்யவாருவின் பேனா கட்டத்துக்கு மேலே நின்றது.

“அழுதாப்பல இருந்துச்சி” என்றாள். “இல்லன்னு சொல்றாங்க.”

“ஏதோ ஒண்ணு செப்பாலம்மா, சொல்லணும்.”

“அழுதான் சார்.”

சொன்னது எத்திராஜ். “நான் வெளிய வைக்கப்போராண்ட நின்னுக்கினு இருந்தேன். கேட்டுச்சி. எழுதுங்க.”

அய்யவாரு எழுதினார். அவருக்கு அது இன்னொரு ஒன்று. கங்கம்மாள் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தாள். எழுத்து தெரியாது, எண் தெரியும். அவள் பேருக்கு நேரே இரண்டு சைபர், பக்கத்தில் இரண்டு ஒன்று. தன்னை அறியாமல் விரல் நீண்டது.

“தொடாதேம்மா. மிஷினு படிக்கணும் இத.”

மிஷின் படிக்குமா! பேர்கூட வைக்காத அந்தப் பையனை ஒரு மிஷின் படித்து, கோடி கோடிப் பேரோடு சேர்த்துக் கூட்டும். அவள் விரலை மடக்கிக்கொண்டாள்.

அய்யவாரு பக்கத்து வாசலுக்குப் போனார். சுவருக்கு அப்பால் தாட்சாயணியின் குரல் கேட்டது. வழக்கமான சத்தம் அதில் இல்லை.

“இருக்கறது மூணு சார். பொறந்தது நாலு.”

கங்கம்மாளும் எத்திராஜும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாட்சாயணியும் கங்கம்மாளும் பத்து வருஷமாக ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள்; இது தெரியாது.

“அவன் அழுதத ஏன் என்கிட்ட சொல்லல?” என்று புருஷனைக் கேட்டாள் கங்கம்மாள்.

“அம்மாதான் வாணாம்னாங்க. நெனச்சி நெனச்சி உருகிடுவா, சொல்லாதடான்னாங்க. அப்புறம் சொல்ல வாய் வரல.”

அவனைத் திட்டத்தான் வாயெடுத்தாள். ஆனால் வேறொன்றைக் கேட்டாள். “எம்மாம் நேரம் அழுதான்?”

எத்திராஜ் கூரையைப் பார்த்து யோசித்தான். “அப்பதான் பீடி பத்த வெச்சேன். சத்தம் கேட்டதும் இழுக்க மறந்துட்டேன். அது தானா அணையற வரைக்கும் கேட்டுச்சி.”

“அப்போ கொஞ்ச நேரம் இருந்திருக்கான்” என்றாள் கங்கம்மாள்.