மக்கோடு ஒரு சொம்பு

இன்று எனக்கு லீவு. மலைக்கிராமமான போளூரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் ஒரு டூரிஸ்ட், ‘மலையை மதிப்போம்’ என்று எழுதிய எனாமல் மக்கில் டீ குடித்தார். குடித்து முடித்ததும் அதே மக்கை, எல்லாரும் குடிக்கிற தண்ணீர்ப் பானைக்குள் முக்கி எடுத்தார். டீயின் ஆடை பானையில் மிதந்தது.



“எச்சி மக்க ஏங்க உள்ள விடுறீங்க? மோந்து ஊத்தத்தான் சொம்பு கெடக்குல்ல” என்றார் கடைக்கார அக்கா.

“இது ஹைஜீனிக் அக்கா. மியூசியம் கடைல வாங்குனது.”

அக்கா பானையை வாசலில் கவிழ்த்துவிட்டு, குடத்தோடு ஊற்றுக்கு நடந்தார்.

அந்த ஆள் மக்கை என் பக்கம் நீட்டி, “நல்லாருக்குல்ல?” என்றார்.

நேற்று மியூசியம் கடையில் அதை அவருக்கு விற்றதே நான்தான்.

இனி மக்கோடு ஒரு சொம்பும் சேர்த்துத்தான் விற்கப்போகிறேன். சொம்பில் என்ன எழுதலாம், சொல்லுங்கள்.