என் சாக்கில் வந்த வலை

எதிர்வீட்டுச் சாந்தியைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில், எங்கள் அலுவலகக் குடியிருப்புப் பெண்கள் எல்லோரும் மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரையில் குப்பை பொறுக்கப் போவோம். கடைசியில் ஒவ்வொருவர் சாக்கையும் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்போம். அதிகம் சேர்த்தவருக்குக் கைதட்டல். மூன்று மாதமாக அது சாந்திக்கே போனது.

நான்காம் மாதம், படகுகளுக்குப் பின்னால் பச்சை நைலான் வலை ஒன்று குவிந்து கிடந்தது. நடுவில் கிழிந்திருந்தது. ஈர மணலோடு நல்ல கனம். யாருடையது என்று கேட்கலாம்தான்; கேட்டால் கிடைக்காதே. சிக்கிய கயிறுகளை அறுக்கக் கொண்டு போயிருந்த கத்தரிக்கோலால் நாலு துண்டாக வெட்டிச் சாக்கில் திணித்தேன்.

அன்றைக்கு நான்தான் முதல். கைதட்டல் அடங்குவதற்குள் மீனவப் பெண் ஒருத்தி வந்து சாக்கிலிருந்து வலையை இழுத்தாள்.

“இன்னாம்மா இது? தைக்கறதுக்குப் போட்டு வெச்சிருந்தோம். இப்டி வெட்டிட்டா எங்க வூட்டுக்காரரு இன்னாத்த எடுத்துகினு கடலுக்குப் போவாரு?”

“குப்பைன்னு நினைச்சேன்” என்றேன். பொய்.

சாந்தி அந்தப் பெண்ணின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். “எங்க தப்புதாம்மா” என்று சொல்லி, சிக்கிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தாள். எல்லோரும் சாந்தியையே பார்த்தார்கள். ஒரு குடும்பத்தின் வலையை வெட்டியதைவிட, அதுதான் என்னைச் சுட்டது.

முழங்கால் வலி என்று சொல்லி அதோடு நின்றுவிட்டேன். கடற்கரைமேல் எனக்கு அக்கறை இருந்ததா என்று இப்போதும் சில நேரம் யோசிப்பேன். அந்தத் தராசு மட்டும் இல்லையென்றால் இரண்டாம் மாதமே நான் போயிருக்க மாட்டேன்.